பதினேழாம் வரி

அட்டவணையில் நாற்பத்தோரு வரிகள்.
ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர், ஒரு தேதி.
பதினேழுக்கு எதிரே தேதி மட்டும்.
"இந்தப் பத்து நாளும் யார் வேலை செய்கிறார்கள்?"
உலான்பாத்தரிலிருந்து கேட்டார்கள்.
சிமென்ட், என்றேன்.
இறுகிக்கொண்டிருக்கிறது.
இன்னும் நாலு பேரை அனுப்பினாலும்
அது வேகமாக இறுகாது.

தொலைபேசியில் கொஞ்ச நேரம்
காற்று மட்டும் கேட்டது.

கோவ்ஸ்கோலின் வடக்கு ஓரத்தில் ஒரு பள்ளி விடுதி.
எண்பத்தாறு கட்டில், மேய்ப்பர் பிள்ளைகளுக்கு.
பழைய கொதிகலன் போன மார்ச்சில் வெடித்தது.
செப்டம்பர் பதினைந்துக்குள் புதியது எரிய வேண்டும்.
திட்டம் என்பது அவ்வளவுதான்:
ஒரு குளிருக்கு முன்னால் ஒரு நெருப்பு.
மீதி நூற்றுப்பத்துப் பக்கமும்
அதற்குப் பின்னிணைப்பு.

தலைமையாசிரியர் கோன்சிக்தோர்ஜ்
உப்புத் தேநீர் ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தார்:
"வெந்நீர் வரத்தானே போகிறது,
அப்படியே ஒரு குளியலறையும்..."
அந்த 'அப்படியே'வுக்கு
ஆறு வாரம், இரண்டு கோடி துக்ரிக்.
முடியாது என்றேன்.
பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
'குளியலறை, அடுத்த கோடை' என்று
அவர் பார்க்க எழுதி, கீழே கோடிட்டேன்.
இரண்டாவது கோப்பையையும் குடித்தேன்.
எந்த வரியிலும் இல்லாத வேலை அது.

வெல்டர் ஷாக்தாருக்கு இருபத்திரண்டு வயது.
எல்லாக் கூட்டத்திலும் 'ம்' என்பான்.
என் பலகையில் அவன் கட்டம் பச்சை,
மூன்று வாரமாகப் பச்சை.
ஒருநாள் நடந்துபோய்ப் பார்த்தேன்:
மழையில் நனைந்த வெல்டிங் குச்சிகள்
அடுப்போரம் கருவாடு போலக்
காய்ந்துகொண்டிருந்தன.
"ஏன் சொல்லவில்லை?"
"எப்போது முடியும் என்றுதானே கேட்டீர்கள்."
அன்று முதல் கூட்டம் அடுப்பருகே.
பலகை லாரியிலேயே கிடந்தது.

செப்டம்பர் ஒன்பது. கொதிகலன் வந்து இறங்கியது.
பிள்ளைகள் மேலங்கியோடு சுற்றி நின்றார்கள்.
அதன் புகைவாய் இருநூற்றுப் பத்தொன்பது மில்லிமீட்டர்.
நாங்கள் நிறுத்திய புகைபோக்கி இருநூற்று எழுபத்து மூன்று.
வரைபடத்தின் மூலையில்
'சரிபார்த்தவர்: நோர்ஜ்மா'.
என் கையெழுத்துதான், நல்ல அழகாக.

வெள்ளம், டீசல் தட்டுப்பாடு,
எல்லையில் லாரி வரிசை, பாலம் உடைதல்,
ஓட்டுநருக்குக் கல்யாணம் உட்பட
எல்லாம் என் அபாயப் பட்டியலில் இருந்தன.
நான் இல்லை.

முதலில் ஷாக்தாரிடம் சொன்னேன்.
பிறகு குன்றேறி, சிக்னல் கிடைக்கும்
ஒரே பாறைமேல் நின்று உலான்பாத்தருக்கு.
"ஒரு தவறு நடந்துவிட்டது" என்று தொடங்கி,
நிறுத்தி,
"தவறு செய்துவிட்டேன்" என்று திருத்தினேன்.
அதற்குப் பிறகு பேச்சு சுலபமாக இருந்தது.
எவ்வளவு செலவு, எத்தனை நாள், யார்.

பழைய தண்ணீர் லாரியின் தொட்டியை வெட்டி
ஷாக்தார் ஒரு கூம்பு செய்தான்.
ஒரு முனை நான் கவனித்திருக்க வேண்டிய அளவு,
மறுமுனை கவனிக்காமல் விட்டது.
நான்கு நாள் ஆயிற்று.
வெட்டு, வெட்டு என்று எல்லோரும் சொல்லியும்
வெட்டாமல் வைத்திருந்த உபரி
ஐந்து நாள்.

பதினான்காம் தேதி விடியலில்
புகை நேராக எழுந்தது. யாரும் கைதட்டவில்லை.
பிள்ளைகள் உள்ளே ஓடிவிட்டார்கள்.

நாற்பத்தோராம் வரி, ஒப்படைப்பு.
தலைமையாசிரியரின் பேனா எழுத மறுத்தது;
இரவெல்லாம் ஜீப்பில் கிடந்து மை விறைத்திருந்தது.
சுவரோரக் குழாய் முழுக்க
ஈரக் காலுறைகள் இடம் பிடித்திருந்தன.
ஒன்றை நகர்த்தி, பேனாவை அங்கே வைத்தார்.

இருவரும் நின்றோம்.
இதையும் யாரும் செய்துகொண்டிருக்கவில்லை,
நடந்துகொண்டிருந்தது.

மை இளகியதும் கையெழுத்திட்டு,
தேதி போட்டு,
தாளை என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு
"கடைசிப் பக்கம்?" என்றார்.