முப்பதுக்கு எத்தனை

முத்தியால்பேட்டையில் கிளினிக் திறந்த வருடம்
என்னிடம் ஒரு தாள் இருந்தது.
முப்பது மதிப்பெண்.
இருபத்து நான்குக்குக் கீழே இறங்கினால்
நினைவு கரைகிறது என்று அர்த்தம்.
நான் கோவைக்காரி.
கடலை விடுமுறையில் மட்டும் பார்த்தவள்.

வைத்திக்குப்பம் பாவாடை வந்தார், மகனோடு.
இன்று என்ன தேதி?
"தடை விழுந்து ஒன்பதாம் நாள்."
தேதி ஐயா, தேதி.
"அதான் சொல்றனே."
பூஜ்யம் போட்டேன்.
என்ன பருவம்?
வெயில் என்பார், எழுதத் தயாராக இருந்தேன்.
"தெண்டி வெள்ளம் ஓடுது."
அதற்கும் பூஜ்யம்.
ஆப்பிள், மேசை, நாணயம்.
மூன்றையும் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டேன்.
நாணயத்தைச் சொன்னார்.
மற்ற இரண்டும் அவர் வீட்டில் இருந்ததே இல்லை.

பதினாறு. கையெழுத்து. முத்திரை.
மகன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தது
ரசீதை வைப்பது போல இருந்தது.
அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

ராத்திரி தோசை பிய்க்கும்போது
விரல்விட்டு எண்ணினேன்.
ஏப்ரல் பதினைந்தில் தடை. ஒன்பதாம் நாள்
இருபத்து மூன்று.
சுவர்க் காலண்டரும் அதையே சொன்னது.
காலையில் கூப்பிட்டுத் திருத்திவிடலாம் என்று படுத்தேன்.
காலையில் வாசலில் நாற்பது பேர்.

ஆடி பிறப்பதற்குள்
படகு மகன் பெயருக்கு மாறியது.
என் முத்திரை நீல மையில்,
எழுத்தெழுத்தாகப் படிக்கலாம்.

பிறகு கற்றதெல்லாம் தண்டனைக் கணக்கில்தான்.

சொல்தா அந்துவான் தைரியநாதருக்கு
நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கத்
தமிழில் வரவில்லை.
காரைக்கால் நர்ஸ் ஃப்ளோரா காதில் ஏதோ சொன்னாள்.
நிமிர்ந்து உட்கார்ந்தார்.
பட்டாளத்துப் பிரெஞ்சில் படபடவென்று இறங்கினார்.
அறுபத்தைந்தில் போதும் என்றேன்.
இரண்டு வரை போய்த்தான் நின்றார்.

சுல்தான்பேட்டை ஹாஜிரா பீவியிடம்
நோன்பை விட்டுவிடுங்கள் என்றேன்.
தலையாட்டினார்.
விட்டது ஊசியை.
மறு வருடம் ஷாபான் மாதமே மூவரும் உட்கார்ந்து
எப்போது எவ்வளவு என்று எழுதினோம்:
அவர், நான்,
பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறவர்.

அமலோற்பவத்துக்கு வயிறு எரிந்தது.
இரண்டு முறை குழாய் விட்டுப் பார்த்தோம்,
வயிறு சுத்தம்.
மூன்றாம் முறை வேறொன்று கேட்டேன்:
பாரிசிலிருந்து கடைசியாக எப்போது போன் வந்தது?
"ஈஸ்டருக்கு."
வெளியே ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது.

தாளின் ஓரத்தில் நான் எழுதி எழுதி
அச்சடித்த கேள்விகள் அடியில் போய்விட்டன.
ஜெராக்ஸ் கடைக்காரர்
இது தெரியாது மேடம் என்கிறார்.

பாவாடை வந்துகொண்டுதான் இருந்தார்,
பிரஷர் மாத்திரைக்கு மட்டும்.
படகைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.
ஏழு வருடம் கழித்து நான்தான் திறந்தேன்.
தப்பு என்னுடையது,
வேறு சான்று எழுதித் தருகிறேன்,
வக்கீலைப் பார்க்கலாம்.

கைப்பட்டையைக் கழற்றும்வரை பொறுத்திருந்தார்.
"படகா? அது தானேல போயிடுச்சு."
எனக்குப் புயல் என்று உறைக்க
ஒரு நொடி ஆனது.

சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு
எழுந்தார், திரும்பவும் உட்கார்ந்தார்.
"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் டாக்டரம்மா.
இன்னிக்கு என்ன தேதி?"

மேசையில் கிடந்த செல்போனை நோக்கி
என் கை போனது.

"பாக்காம சொல்லணும்."