ஐந்து டிகிரிக்குக் கீழே

ஐந்து டிகிரிக்குக் கீழே பூசாதே
என்கிறது டப்பா.
கராஜில் மூன்று.
தண்டர் பேயில் அக்டோபர்;
சுப்பீரியர் ஏரியின் ஈரம்
கதவிடுக்கில் மூக்கை நீட்டுகிறது.

இடித்த தானியக் கிடங்கிலிருந்து
அறுபது டாலருக்கு வந்த இரும்பு உத்தரம்,
பத்தடி,
மரக்கட்டைகளின் மேல்
தலைகால் தெரியாமல் கிடக்கிறது.
படகு எஞ்சினை இதில்தான் தொங்கவிட வேண்டும்.

ஐலி கம்பிச் சக்கரத்தை ஓட்டினாள்.
துரு எழுந்தது.
முகமூடிக்குள்ளும் நாக்கில் ரத்த ருசி,
காபியில் செம்பொடி.
வெள்ளைப் பூனை இரண்டு நாள்
நரியாய்த் திரிந்தது.

அடியில் வெள்ளி ஒன்றும் மின்னவில்லை.
சாம்பல்தான், அம்மைத் தழும்போடு.
போதும் என்றாள்.

சமையலறை ஹீட்டரை இழுத்துவந்து
ஆறு டிகிரி ஆகும்வரை
முள்ளையே பார்த்திருந்தாள்.
பிறகு ப்ரைமர். செங்கல் நிறம்.
துருவை ஒழித்துவிட்டு
துருவின் நிறத்தையே பூசுகிறேன் என்று
தனியாகச் சிரித்தாள்.

அடிப்பக்கம் மட்டும் பாக்கி.
கடப்பாரை வழுக்கியது, வழுக்கியது,
தரையில் விழுந்து மணியடித்தது.

வேலித் தகராறில்
பதினோரு மாதமாய்ப் பேசாத ரெனே
ஜாக்கியோடு வந்து நின்றான்.
நலமா என்றெல்லாம் இல்லை.
"அந்த முனையைப் பிடி."
"ஈரம்."
"தெரியுது."
உருண்டது.

அவன் போனபின்தான் பார்த்தாள்:
ஈர விளிம்பில் நான்கு விரல்,
கட்டைவிரல் எங்கோ தள்ளி.
தூரிகையை எடுத்தாள்.
முள் நாலுக்கு இறங்கியிருந்தது.

சட்டம் சட்டம்தான் என்று
டப்பாவை
சுத்தியலால் தட்டி மூடினாள்.