விட்டுவிடு கல்

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை.
ஆஸ்திரேலியாவின் நியூ இங்கிலாந்து மேட்டுநிலத்தில்
கம்பிவேலியெல்லாம் உறைபனியில் நரைத்திருக்க
இடுப்புவரை ரப்பர் மாட்டிக்கொண்டு
குளம்படி ஓடைக்குள் இறங்குகிறேன்.
தண்ணீர் முதலில் முழங்காலைக் கடிக்கும்,
பிறகு முழங்கால் இருப்பதையே மறக்கடிக்கும்.

வாரத்தில் ஐந்து நாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்.
முப்பத்தொரு பிள்ளைகள், ஒரே கூச்சல்.
இங்கே சவுக்கு மரங்கள்,
சல்லடையில் சரளை உருளும் சத்தம்,
இருபது தப்படி கீழே மெர்வின் டகெட்.
அவர் பேச்சு நாளைக்கு ஆறு வாக்கியம்.
அதில் இரண்டு நாயிடம்.

வேலை இவ்வளவுதான்:
ஓடை வளைகிற இடத்தில், பாறைக்குப் பின்னால்,
வெள்ளம் மூச்சு வாங்க நின்ற குழியில் தோண்டு.
இரட்டைச் சல்லடையில் கொட்டு.
நீருக்குள் குலுக்கு, சுழற்று, மறுபடி குலுக்கு.
கனமில்லாதது விளிம்பில் சலசலக்கும்.
கனத்தது பேசாமல்
அடியில், நடுவில் போய் உட்காரும்.
பிறகு பழைய சாக்கின்மேல்
கேக் தட்டைக் கவிழ்ப்பதுபோல் ஒரே வீச்சு.
அடி மேலாகும்.
நடுவில் ஒரு கறுப்பு வட்டம், கண்மணி போல.
அதில் பார்.

பெரும்பாலும் இரும்புக்கல். கரிய ஸ்பினல்.
தேன்துளியாய்ச் சிர்கான்.
பீர் பாட்டில் துண்டு. அதையும் ஓடை
ஐம்பது வருடம் பட்டை தீட்டியிருக்கும்,
ரத்தினம் என்றே நம்பிப் பல்லிளிக்கும்.
சுற்றுலாக்காரர்கள் உள்ளங்கையில் ஏந்தி ஓடிவருவார்கள்.
மெர்வின் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பார்.
"இது விட்டுவிடு கல்."
"அப்படியென்றால்?"
"எடுத்த இடத்திலேயே விட்டுவிடு."

போன வருடம் எனக்கு வறண்ட வருடம்.
பிப்ரவரியிலிருந்து ஆகஸ்டு வரை
ஒரு நீலம் இல்லை, நீலத்தின் பொடி இல்லை.
செப்டம்பர் முதல் சனி, சாக்கின் நடுவில்
பட்டாணி அளவு. கையில் கறுப்பு.
சூரியனுக்கு நேரே பிடித்தேன்:
உள்ளே மாலைநேரம்.
கத்தினேன். நாய் குரைத்தது.
மெர்வின் தலை தூக்கவில்லை.

சமையலறை விளக்கடியில்
திருப்பித் திருப்பிப் பார்த்தபோதுதான்
மூலையில் அந்தப் பிறைவெட்டு.
ஈஸ்டர் விடுமுறையில், கூடாரத்து வாசலில்,
புகையிலை டப்பாவைத் திறந்து அவர் காட்டிய அதே கல்.
நான் தேநீர் ஊற்றப் போன நேரம் பார்த்து
மனுஷன் என் சரளையில் போட்டிருக்கிறார்.

கோபம் வந்தது.
பிச்சை என்றால்கூட
கை நீட்டியவருக்குத்தான் போடுவது.
அடுத்த வாரம் அவர் புதர்ப்பக்கம் ஒதுங்கியபோது
அவருடைய வாளியில் போட்டேன்.
அன்று சாயங்காலம் அவருடைய ஏழாவது வாக்கியம்:
"பரவாயில்லை, இன்றைக்கு ஒன்று."

அக்டோபரில் எனக்கு. நவம்பரில் அவருக்கு.
கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் எனக்கு.
பிறகு கணக்கு வைக்கவில்லை.
ஒவ்வொரு முறையும் வாய் பிளந்தோம்,
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகவே.
நாய்தான் குரைப்பதை நிறுத்திவிட்டது.

இன்று போடுவது என் முறை.
போட்டேன். பார்க்காததுபோல் பார்த்தேன்.
குலுக்கினார், கவிழ்த்தார், விரலால் கிளறினார்.
இரும்புக்கல். சிர்கான் இரண்டு.
சாக்கைக் கழிவுக் குவியலில் உதறினார்.

சல்லடை நிரம்பி வழிந்ததோ,
உடைந்த மூலை எங்காவது மாட்டியதோ,
ஓடையே கணக்கைத் தீர்த்துக்கொண்டதோ.

கையுறையைக் கழற்றிவிட்டு
குவியலருகே மண்டியிட்டேன்.
கொஞ்ச நேரத்தில் பக்கத்தில்
இன்னொரு ஜோடி முழங்கால்
மடக்கென்ற சத்தத்தோடு இறங்கியது.

"என்ன தேடுகிறாய், பெர்னி?"
"ஒன்றுமில்லை."
"சரி" என்றார்.
"நானும் அதைத்தான் தேடுகிறேன்."

சவுக்கின் நிழல் அக்கரைக்குப் போய்விட்டது.
நாய் சுருண்டுகொண்டு எங்களையே பார்க்கிறது.
ஒரு கைப்பிடி, இன்னொரு கைப்பிடி.
இந்த நேரத்து வெளிச்சத்தில்
ஈரமான கல்லெல்லாம்
அதுவாகவே இருக்கிறது.