நாலாம் மேசை

கிரிம்ஸ்பியில் அன்று எனக்கு மூன்றாவது வீடு.
கூரையில் டிஷ்ஷைத் திருகி
கம்பியைச் சன்னலோரம் இறக்கி
விறைத்த விரல்களோடு உள்ளே வந்தேன்.
"பூட்சைக் கழற்ற வேண்டாம்,
கம்பளம் ஏற்கெனவே பாழ்" என்றார்
நொரீன் பிளாஞ்சர்ட்.

ரிமோட்டைக் கையில் கொடுத்தேன்.
சிவப்புப் பொத்தானை அழுத்தினால்
ஒரே படம் நான்காய்ப் பிரியும்.
நாலு ஸ்னூக்கர் மேசை, நாலு ஆட்டம்.
வேண்டியதைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

அழுத்தினார்.
'சற்றுப் பொறுங்கள்' என்றது திரை.
எட்டு நொடி. பத்து.
"நான் கேட்டது அங்கே போய்ச் சேர்ந்து
யாரோ எடுத்துக் கொடுக்க
இவ்வளவு நேரமா?"

ஆமாம் என்று சிரிக்கச் சொல்லித்தான்
எங்களுக்குப் பயிற்சி.
என்னவோ, அன்று வாய் வரவில்லை.

இல்லை, என்றேன்.
நீங்கள் அழுத்தியது
இந்த அறையைத் தாண்டவில்லை.
நாலு மேசையும் வானிலையும் வினாடி வினாவும்
கேட்டவர் வீடு கேளாதவர் வீடு என்றில்லாமல்
ஏற்கெனவே பொழிந்துகொண்டிருக்கின்றன,
வரிசையாக, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.
உங்கள் பக்கம் சுற்றி வரும்வரை
பெட்டி காத்திருக்கும்.
வந்ததும்

"எடுத்துக்கொள்ளும்" என்றார்.
"பெல்ட்டில் வரும் மீன்."

இருபத்தாறு வருடம்
மீன்துண்டு ஆலையில் நின்ற கால்கள்.
காட் போகும், ஹாடாக் போகும்,
முள் துருத்திய துண்டு வரும்வரை
கை மட்டும் விழித்திருக்கும்.
"பெல்ட்டுக்கு என்னைத் தெரியாது.
நான் கழிப்பறையில் இருந்தாலும்
அது பாட்டுக்கு ஓடும்."

மூன்று நாள் வகுப்பில் படம் போட்டு
எங்களுக்கு விளக்கியது இது.

"அப்படியென்றால்
இந்தச் சாம்பல் நிற வயர் எதற்கு?"

அது திரும்பிப் போகும் வழி.
ஓட்டுப் போட, பீட்சா வரவழைக்க,
குதிரை மேல் பணம் கட்ட.
அப்போது மட்டும் பெட்டி
உங்கள் டெலிபோனைத் தானே எடுத்து
கம்பெனியிடம் கிறீச்சிடும்.
ஒரு முறைக்கு இருபத்தைந்து பென்ஸ்.

"கேட்டுக்கொண்டிருக்க இலவசம்,
வாய் திறந்தால் காசு.
ஆலையிலும் இதே சட்டம்தான்."

வினாடி வினாவை ஆடிப் பார்த்தார்.
பத்துக்கு ஏழு.
பெரு நாட்டின் தலைநகரத்தில் கோட்டை விட்டார்.
"என் ஏழு யாருக்குத் தெரியும்?"
உங்களுக்கும் பெட்டிக்கும்.
"கரண்ட் போனால்?"
உங்களுக்கு.

பிப்ரவரியில் மறுபடி அழைப்பு வந்தது.
பெட்டியின் விசிறி இரைகிறதாம்.
இரைந்தது. மாற்றினேன்.
அதற்குள் அவர் ரிமோட்டைத் தேடி
மூன்று தட்டலில் போய்ச் சேர்ந்தார்
நாலாம் மேசைக்கு.

முதல் மேசையில் இரண்டு பேர் மூச்சுவிடாமல் பேசுவார்கள்,
நட்சத்திரம் ஆடுகிறதல்லவா.
நாலில் வர்ணனை கிடையாது.
பந்து பந்தில் படும் சத்தம்,
யாரோ இருமுவது,
நீலச் சாக்கை முனையில் தேய்க்கும் கரகரப்பு.
வேக்ஃபீல்டுக்காரர் ஒருவர், வழுக்கை,
ஒன்றுக்கு எட்டு என்று தோற்றுக்கொண்டே
ஒவ்வொரு அடிக்கும் முன்
மேசை விளிம்பில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

"நேற்று ஓட்டு வைத்தார்கள்,
இரவு எந்த மேசையை முழுத்திரையில் காட்டலாம் என்று.
இருபத்தைந்து பென்ஸ் கட்டி
நாலு என்றேன்.
நாலுக்கு விழுந்தது ஒரு சதவீதம்."

அப்புறம்?

"அப்புறம் என்ன,
அவர்கள் ஒன்றைக் காட்டினார்கள்.
நான் சிவப்பை அழுத்திக்கொண்டு
இங்கே வந்துவிட்டேன்."

திரையில் வழுக்கைக்காரர் குனிந்தார்.
நீண்ட அடி. நம்ப முடியாத கோணம்.
பழுப்புப் பந்து
குழியின் உதட்டில் நின்று யோசித்து
விழுந்தது.

கைதட்டினோம், நாங்கள் இருவரும்,
அவருக்குக் கேட்கும் என்பதுபோல.

அடுத்த வீடு கிளீத்தோர்ப்ஸில்.
போய்ச் சேர நாற்பது நிமிடம் தாமதம்.
போக்குவரத்து, என்று எழுதிக் கொடுத்தேன்.