எங்கே முறிய வேண்டும்

பிறைத் தொழிற்பேட்டை, பதினேழாம் எண் கொட்டகை.
மூன்றாம் முறையாக வருகிறது
ஹொக் சியோங்கின் ஏ.டி.வி.,
பின்சக்கரங்கள் கோணிக்கொண்டு.

ஸ்விங் ஆர்மில் விரிசல்
என் வெல்டிங்கின் ஓரத்தில்,
வெல்டிங்கில் இல்லை.
அதில் எனக்கொரு அற்பப் பெருமை.

"திபால், லாகி திபால்" என்று
விரல்களை அகட்டிக் காட்டினார்.
நிபோங் திபால்காரர்
வேறென்ன கேட்பார்?

அட்டையில் வெட்டிப் பார்த்து
குழாயின் தடிப்பைக் கூட்டினேன்.
அடியில் ஒரு தாங்குதகடு, அதன் முனையை
மீன்வாலாய்ப் பிளந்தேன்,
அதிர்ச்சி ஒரே கோட்டில் வந்து முட்டாதிருக்க.
பேரிங் துளைக்கே இரண்டு நாள்.
சூடு பட்ட இரும்பு
தன் இஷ்டத்துக்கு இழுக்கும்.

நேற்று செம்பனைக் காட்டில்
நூற்றிருபது கிலோ குலையோடு
வாய்க்காலைத் தாண்டினாராம்.
என் கை அசையவில்லை.
அதைப் பூட்டிய இடத்தில்
சேஸி கிழிந்துவிட்டது.

போனில் அவர் திட்டிக்கொண்டே இருக்க
மூலையில் கிடந்த பழைய கையைக்
காலால் புரட்டினேன்.
மூன்று தையல்.
ஒவ்வொரு முறையும் தான் உடைந்து
வண்டியை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

"கொண்டுவாங்க டௌக்கே."

சாக்பீஸைத் தேடுகிறேன்.
புதியதில் எந்த இடத்தை
இளைக்க விடலாம்?