பதினேழு

இருபத்திரண்டு வருடம் மோல்மேன் தெருக்களில்
மீட்டர் பார்த்தவன் நான்.
நாளைக்கு இருநூறு வீடு.
கதவைத் தட்டி, பெட்டிக்கு டார்ச் அடித்து
ஐந்து எண்களை எழுதிக்கொண்டு நகர்வேன்.
அந்த வீடுகளில் மனிதர் இருந்ததாக ஞாபகம்.
நாய்கள் இருந்தது நிச்சயம்:
இடது கெண்டைக்காலில் இரண்டு தழும்பு,
வலதில் ஒன்று.

பதினேழாம் எண் வீட்டார்
ஏதோ ஒரு மழை இரவில் எல்லை தாண்டிப் போய்விட்டார்கள்.
எனக்கு மீட்டர் சொல்லித்தான் தெரியும்.
இரண்டு மாதமாக ஒரே எண்.
அதன் கீழே நீ படுத்திருந்தாய்.
குரைக்கவில்லை.
குரைத்திருந்தால் எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

பெயர் தெரியாததால் பதினேழு என்றேன்.
நீ திரும்பவில்லை.
சோற்றுக்கு வந்தாய், அவ்வளவுதான்.

உன்னையும் ஒரு தெருவைப் போலத்தான் முடித்தேன் முதலில்.
காலை ஐந்தரை. கயிறு. ஆற்றங்கரை வரை. திரும்பு.
நீ ஒரு கம்பத்தடியில் நிற்பாய்,
நான் இழுப்பேன்.
உன் நகம் சிமெண்டைக் கீறும் சத்தம்
அப்போது காதில் விழவில்லை.
இப்போது சில இரவுகளில் விழுகிறது.

பிறகு மின்சாரம் நாளுக்கு நாலு மணி நேரம் என்றானது.
அப்புறம் இரண்டு.
ஊர் முழுக்க மீட்டர் தூங்கியது.
எனக்கு ஓட ஓர் இடமும் இல்லை.

அப்படி ஒரு காலையில் நீ நின்றாய், நானும் நின்றேன்,
பெரிய ஞானம் ஒன்றுமில்லை, சும்மாதான்.
ஈரக் கம்பத்தில் மூக்கை வைத்துக்
கீழிருந்து மேலே போனாய்,
பாதியில் நின்றாய், விட்ட இடத்துக்கே திரும்பி வந்தாய்.
அடிப்பாவி, வாசிக்கிறாய்!
யார் வந்தது, என்ன தின்றது,
எவனுக்கு உடம்பு சரியில்லை,
எவள் பயந்துகொண்டே கடந்தாள்.
நான் அந்தக் கம்பத்தை ஆயிரம் முறை தாண்டியிருக்கிறேன்.

கயிற்றைத் தளர விட்டேன்.

டீக்கடையில் யாராவது உதட்டைக் குவித்து
முத்தச் சத்தத்தில் பையனைக் கூப்பிட்டால்
உன் காது எழும்.
வலது காது முதலில்.
உனக்கில்லை என்று தெரிந்தபின் இடது மட்டும் இறங்கும்.
இதைப் பார்க்க எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

நேற்று பழைய வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டாய்.
எத்தனையோ நாள் அங்கிருந்து உன்னை இழுத்துப் போனவன்,
லுங்கியை மடித்துக்கொண்டு
பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.
பாசி பிடித்த படி, ஈரம் ஏறியது.
பூட்டைப் பார்த்தாய். நானும் பூட்டைப் பார்த்தேன்.
ஒரு சைக்கார் போனது. தூறல் வந்தது, விட்டது.
மொஹிங்கா காவடியோடு வந்த டாவ் கின் யீ
தோளிலிருந்து இறக்காமலே நின்று
உன்னை ஒரு பெயர் சொல்லி அழைத்தாள்.

உன் உடம்பு முழுக்க அந்தப் பெயருக்குத் திரும்பியது.

அதை இங்கே எழுதப்போவதில்லை.
ராத்திரி மெழுகுவத்தியை அணைத்தபின்
ஒரு தடவை சொல்லிப் பார்க்க நினைத்தேன்.
வாய் வரை வந்தது. விட்டுவிட்டேன்.
அது கொடுத்தவர்களுடையது, உன்னுடையது.

இன்று காலை வெளியே வந்து
பதினேழு என்றேன், வழக்கம்போல.
கொஞ்ச நேரம் யோசித்தாய்.
வலது காது.

ஆறு கம்பம் வாசித்தோம்.
வெயில் ஏறிவிட்டது,
தெரு இன்னும் பாதி இருக்கிறது.