பிரேக்கில் காற்று

புத்தூரிலிருந்து வந்த வண்டி.
சைலன்சரைக் கட்டுக்கம்பியால் சுற்றியிருந்ததைப் பார்த்து
எதிர்வீட்டுக் குப்புராஜ் சொன்னார்:
"கையொடிஞ்சா கட்டுப் போட்டுக்கப் போற ஊரு.
தணிகாசலம் போயி ஒடிஞ்சதையே வாங்கியாந்திருக்கான்."
தெருவே சிரித்தது.
அடகில் இருந்தது என் வளையல் என்பதால்
நான் சிரிக்கவில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக் குவாலிஸ்.
நம்பர் இன்னும் ஆந்திராதான்.
மீட்டர் மூன்று லட்சத்தில் நின்றிருக்கிறது,
நின்று எத்தனை வருஷமோ.
திருமலைக்கு ஆள் ஏற்றியே தேய்ந்த வண்டி.
சீட்டைக் கழற்றிக் கொல்லையில் போட்டு உதறினேன்:
ஊக்குகள், காய்ந்த துளசி,
லட்டுக் கவரில் ஒட்டிய ஒரு முந்திரி,
குழந்தையின் ஒற்றைக் கொலுசு.
தலை சாயும் இடத்திலெல்லாம் மஞ்சள் கறை.
மொட்டைகளில் பூசிய சந்தனம்.
சோடா உப்பு போட்டேன், எலுமிச்சை தேய்த்தேன்,
போகவில்லை.
யார் யார் வேண்டுதலோ
இனி என் பின்னந்தலையில் படும்.

நாங்கள் பேசிக்கொண்டு பதினோரு நாள் ஆகியிருந்தது.
"அம்மாவைச் சோறு போடச் சொல்லு."
"அப்பாவைக் கை கழுவச் சொல்லு."
நடுவில் பையன்,
செக்போஸ்ட் போல இருபக்கமும் சரக்கைத் தடவிப் பார்த்து
பாதியைத்தான் விட்டான்.
அன்றைக்கு அவனும் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டான்.

பிரேக் எண்ணெயில் காற்று புகுந்திருந்தது.
மிதித்தால் பஞ்சில் கால் வைத்தது போல.
நகரியில் மெக்கானிக் இரண்டாயிரத்து எண்ணூறு கேட்டாராம்.
ஒரே ஆளாய்ச் செய்ய முடியாத வேலை அது.
ஒருவர் கீழே ஸ்பேனரோடு,
ஒருவர் மேலே பெடலில்.
பின்னங்கடைசிச் சக்கரத்திலிருந்து தொடங்கணும்.
ஜாக்கி போட்டு, பக்கத்தில் கருங்கல் முட்டுக் கொடுத்து
இவர் அடியில் நுழைந்தார்.
நான் ஏறி உட்கார்ந்தேன்.
கண்ணாடிக்கு நேரே நகரி மலை,
மல்லாந்து படுத்தவன் மூக்கைப் போல.

"மிதி."
மிதித்தேன்.
"மிதி. இன்னொரு தரம். அப்படியே பிடி."
பதினோரு நாளில் என்னிடம் நேராக வந்த முதல் சொற்கள்.
நான் பிடித்துவிட்டேன் என்று சொன்னால்தான்
அவர் நிப்பிளைத் திறக்க முடியும்.
அங்கிருந்து என் கால் தெரியாது.
என் சொல்தான் அவருக்குக் கண்.

சொல்லவில்லை.
"அடகுச் சீட்டு எங்கே?" என்றேன்.

பக்கத்து வீட்டுத் தறிகள் நாலும்
தடக்கு தடக்கென்று ஓடின.
அடியில் ஸ்பேனர் ஒருமுறை தரையில் பட்டது.
"டேஷ்போர்டுல. ஆர்.சி. புக்குக்குள்ள."
குனிந்து திறந்தேன், பெடலை விடாமல்.
இருந்தது.
வட்டி கட்டிய ரசீதும் இருந்தது, இரண்டு மாதத்துக்கு,
எனக்குத் தெரியாமலே.
அதற்காக மன்னித்துவிட முடியுமா.
கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்றும்
எனக்குத் தெரியவில்லை.

கீழேயிருந்து மறுபடி குரல்.
நடுவில் ஓர் எழுத்தைத் தறிச்சத்தம் தின்றுவிட்டு
மிச்சத்தை அனுப்பியது:
"பிடிச்சிருக்கா?"

பெண் பார்க்க வந்த அன்று
அந்தக் கேள்வியை இவரிடம்தான் கேட்டார்கள்.
உள்ளறையில் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே
பதிலைக் கேட்டேன்.
என்னை யாரும் கேட்கவில்லை, இன்று வரைக்கும்.

"பிடிச்சிருக்கேன்" என்றேன்,
ஓர் எழுத்தும் சிந்தாமல்.

திறந்தார்.
பெடல் என் காலோடு மெல்ல அடிக்கு இறங்கியது.
அந்த நேரம் காலை எடுத்திருந்தால்
காற்று முழுக்கத் திரும்ப ஏறியிருக்கும்.
தெரியும். எடுக்கவில்லை.
தண்ணி பாட்டிலுக்குள் நுனி போட்ட குழாயில்
டீ நிறத்தில் எண்ணெய், நடுநடுவே குமிழி.
"வருது, வருது" என்றார், சின்னப் பையனைப் போல.
"இறுக்கு" என்றேன்.
"இறுக்கிட்டேன்."

இன்னும் மூணு சக்கரம் பாக்கி.
எனக்குக் கேள்விகள் அதைவிட அதிகம்.